வெள்ளிப் பாத்திரமும் முத்திரையும்

விலையுயர்ந்த உலோகத்தை வாங்குபவன் தன் கண்ணை மட்டும் நம்பி வாங்க இயலாது. நூற்றில் எட்டுப் பங்கு செம்பு கலந்த வெள்ளியையும் இருபது பங்கு செம்பு கலந்த வெள்ளியையும் வெளிறச் செய்து மெருகிட்டு அருகருகே வைத்தால், இரண்டும் ஒன்றுபோலவே ஒளிரும். விற்பவன் அறிவான்; வாங்குபவன் அறியான். இவ்விருவருக்கும் நடுவே நின்று மாற்றுரைக்க மூன்றாமவன் ஒருவன் வேண்டும். பழந்தமிழர் அவனை வண்ணக்கன் என்று அழைத்தனர். பொன்னையும் நாணயத்தையும் நோட்டம் பார்ப்பது அவன் தொழில். சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றோர் அத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கி நிற்கின்றனர். கிழக்கிலங்கைக் கோவில்களில் வண்ணக்கர் என்னும் பதவி இன்றும் வழக்கில் உள்ளது. மாற்றறிந்து சொல்பவனுக்குரிய பெயர், பொதுப்பொருளைக் காப்பவனுக்கும் உரியதாயிற்று.

வண்ணக்கனின் சொல் அவன் வாயோடு போய்விடும். பொருள் கைமாறி வேறூர் சென்றபின், அதன் மாற்றை எவர் அறிவார்? அந்தச் சொல்லை உலோகத்திலேயே பொறித்து, பொருள் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லுமாறு செய்தால் என்ன? இவ்வினாவுக்கு இங்கிலாந்து 700 ஆண்டுகளாக அளித்துவந்த விடையே, பழைய வெள்ளிப் பாத்திரங்களின் அடியிற் காணப்படும் சின்னஞ்சிறு முத்திரைகள்.

தனி வெள்ளி மென்மையானது. அதனாற் செய்த கரண்டி வளையும்; கிண்ணம் நசுங்கும். ஆதலின் உறுதிக்காகச் செம்பு சிறிது சேர்ப்பது எங்கும் வழக்கம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் 75 பங்கு பிற உலோகமும் கொண்ட கலப்பையே ஆங்கிலேயர் ஸ்ரேர்லிங் என்றனர். அவர்தம் வெள்ளி நாணயமும் இதே தரத்தினது. 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னன், இத்தரத்திற் குறைந்த வெள்ளிப் பொருளை எவரும் செய்தலாகாதென்றும், தொழிற்காப்பாளர் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இடும் வரையில் எப்பொருளும் கொல்லன் கையைவிட்டு அகலலாகாதென்றும் சட்டம் இயற்றினான். சிறுத்தைத் தலை எனப் பெயர் பெற்றாலும், அம்முத்திரையில் உள்ளது நேர்நோக்கும் சிங்கமுகமே. அத்தகைய சிங்கத்தைச் சிறுத்தை என்று குறிப்பது அக்காலத்து அரசச் சின்னங்களை விளக்கும் பிரெஞ்சு மரபு.

சிறுத்தைத் தலை, பொருள் தரமானது என்று மட்டுமே சொல்லிற்று. அதனைச் செய்தவன் யார் என்று சொல்லவில்லை. பிற்காலத்திற் குறை கண்டால் எவனைப் பிடிப்பது? 1363ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை நீக்கிற்று. பொற்கொல்லன் ஒவ்வொருவனும் தனக்கென ஓர் அடையாளத்தைக் கொண்டு, தன் பொருளிற் பொறித்தல் வேண்டும் என்று அது விதித்தது. எழுத்தறிவு அரிதாயிருந்த அந்நாளில் மீன், திறப்பு, மலர் போன்ற உருவங்களே அடையாளங்களாயின. பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது.

இவ்வாறு சோதித்தவனுக்கு ஒரு முத்திரை, செய்தவனுக்கு ஒரு முத்திரை என இரண்டாயின. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. சோதித்தவனே தவறினால் என் செய்வது? இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் முத்திரை பெற்ற பொருள் தரங்குறைந்து காணப்படின், அதற்குச் சங்கமே பொறுப்பாதல் வேண்டும் என்று 1477ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. சங்கத்தார் விழித்துக்கொண்டனர். அடுத்த ஆண்டிலே சம்பளம் பெறும் வண்ணக்கர் ஒருவரை நியமித்தனர். கடைகடையாகச் சென்று முத்திரையிடும் பழைய முறையை விடுத்து, பொருள்களைத் தமது மண்டபத்துக்கே கொண்டுவரச் செய்தனர். ஆங்கிலத்தில் மண்டபம் ஹால் எனப்படும். மண்டபத்தில் இட்ட முத்திரை ஹால்மார்க் எனப் பெயர் பெற்றது இதனாலேயாம்.

அத்துடன் புதியதோர் ஏற்பாட்டையும் அவர்கள் செய்தனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் மாறும் ஓர் எழுத்தையும் பொருளிற் பொறித்தனர். முதலாண்டு ஏ, அடுத்த ஆண்டு பி என, ஜே நீங்கலாக யூ வரையில் 20 எழுத்துகள் செல்லும். பின்னர் எழுத்தின் வடிவையும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவையும் மாற்றி மீண்டும் ஏ முதலாகத் தொடங்கும். எவ்வாண்டில் எந்த வண்ணக்கர் பதவியில் இருந்தபோது இப்பொருள் சோதிக்கப்பட்டது என்பதைக் கண்டறிதற்கே அவ்வெழுத்து ஏற்பட்டது. பிற்காலத்தார் பழம்பொருளின் வயதைக் கணிப்பர் என்னும் எண்ணம் அதை ஏற்படுத்தியவர்களுக்குச் சிறிதும் இருந்திருக்க முடியாது.

மண்டபத்தில் நடந்த சோதனை எத்தகையது? உரைகல்லை ஆங்கிலேயரும் அறிந்திருந்தனர். தங்கத்தின் மாற்றைக் குறிக்க அவர்கள் வழங்கிய பழஞ்சொல்லும், கல்லிற் பட உரைத்தல் என்னும் கருத்தினின்று பிறந்ததே. ஆனால் நூற்றில் ஓரிரு பங்கு வேறுபாட்டை நுணுகி அறிய உரைகல் போதாது. ஆகவே, பாத்திரத்தின் உடல், மூக்கு, கைபிடி ஆகிய பல இடங்களிலும் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுப்பர். அச்சுரண்டலை நிறுத்து, ஈயத் தகட்டிற் பொதிந்து, எலும்புச் சாம்பலாற் செய்த சிறு குகையில் வைத்து உலையில் இடுவர். ஈயமும் செம்பும் வெந்து குகையின் சாம்பலுள் ஊறிவிடும். தூய வெள்ளி மட்டும் சிறு மணியாய் எஞ்சும். அம்மணியை மீண்டும் நிறுத்தால், இழந்த எடையே கலப்பின் அளவாகும். தரம் போதாத பாத்திரத்தை உடைத்தே உரியவனிடம் கொடுத்தனர். பல நாள் உழைத்துச் செய்த பொருள் ஒரு கணத்தில் நசுங்கிய தகடாகத் திரும்பி வருவது எந்தக் கொல்லனுக்கும் மறக்கவொண்ணாத பாடமாயிருக்கும்.

1544ஆம் ஆண்டில் நடந்து செல்லும் சிங்கம் ஒன்று நான்காவது முத்திரையாகச் சேர்ந்தது. அது தோன்றிய காலம் நோக்கத்தக்கது. எட்டாம் ஹென்றி மன்னன் தன் செலவுக்குப் பணம் தேடி, வெள்ளி நாணயத்திற் செம்பை மிகுதியாகக் கலந்துவந்த காலம் அது. ஓரிரு ஆண்டுகளில் நாணயத்தின் வெள்ளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அரசனின் நாணயமே பொய்த்த வேளையிலும், மண்டபத்திற் சோதித்த பாத்திரம் பழைய ஸ்ரேர்லிங் தரத்திலேயே நின்றது. நாணயத்தை நம்பாதவரும் பாத்திரத்தை நம்பலாம் என்பதைக் காட்டவே சிங்கம் எழுந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

நாணயமும் பாத்திரமும் ஒரே தரமாயிருந்தமை, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு தொல்லையை விளைவித்தது. நாணயத்தின் ஓரங்களைக் கத்தரித்தும், முழு நாணயங்களையே உருக்கியும் பாத்திரம் செய்தனர். நாட்டில் நாணயப் பஞ்சம் உண்டாயிற்று. இதனைத் தடுக்க, 1697ஆம் ஆண்டில் பாத்திர வெள்ளியின் தரம் ஆயிரத்தில் 958 பங்காக உயர்த்தப்பட்டது. நாணயத்தை உருக்கினால் அது புதிய தரத்துக்குப் போதாது. சிறுத்தைத் தலையும் நடக்கும் சிங்கமும் நீங்கின. பிரித்தானியா என்னும் பெண்ணுருவமும், கழுத்தறுந்த சிங்கத் தலையின் பக்கத்தோற்றமும் அவற்றின் இடத்தைப் பெற்றன. கொல்லர் யாவரும் தம் குடும்பப் பெயரின் முதலிரண்டு எழுத்துகளை முத்திரையாகப் புதிதாய்ப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டனர். ஆதலின், பிரித்தானியா உருவைத் தாங்கிய ஒரு பொருள் 1697க்கு முற்பட்டதாதல் இயலாது. 1720ஆம் ஆண்டிற் பழைய தரம் மீண்டது; விரும்பினோர் உயர்ந்த தரத்திலும் செய்ய இடமிருந்தது.

பழைய தரத்தோடு புதிய வரியும் வந்தது. அவுன்சுக்கு ஆறு பென்ஸ். 30 அவுன்ஸ் எடையுள்ள கோப்பிக் குடுவை ஒன்றுக்கு 15 சிலிங் செலுத்தல் வேண்டும். முத்திரை பெறச் செல்லுமிடத்திலேயே வரியும் கட்ட வேண்டியிருந்தமையால், முத்திரையைப் பெற்று வரியைத் தவிர்க்கும் சூழ்ச்சிகள் பிறந்தன. சிறிய தட்டொன்றைச் செய்து அதற்கு மட்டும் வரி செலுத்துவர். முத்திரை பதிந்த வட்டத்தை அத்தட்டினின்று வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தின் அடியில் வைத்துப் பற்றவைப்பர். பாத்திரம் மண்டபத்தை மிதிக்காமலே மண்டபத்தின் முத்திரையோடு விற்பனையாகும். பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்த புரட்டஸ்தாந்து மரபினரும், அந்நூற்றாண்டின் தலைசிறந்த வெள்ளிக் கலைஞருமான போல் டி லமெறியும் இத்தகைய வரி ஏய்ப்பினின்று நீங்கியவர் அல்லர். கைத்திறனும் நேர்மையும் எப்போதும் ஒரே வீட்டிற் குடியிருப்பதில்லை.

அரசு வரியை 1758ஆம் ஆண்டில் நீக்கிற்று. அதற்கீடாக வணிகர் அனுமதிக் கட்டணம் செலுத்தினர். முத்திரையைப் போலியாகச் செய்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். பின்னர் அத்தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. 1784ஆம் ஆண்டின் இறுதியில் வரி மீண்டும் வந்தபோது, அரசு ஓர் உபாயம் செய்தது. வரி செலுத்தியதற்குச் சான்றாக ஆளும் மன்னனின் தலையுருவம் ஐந்தாவது முத்திரையாகப் பொறிக்கப்பட்டது. மூன்றாம் ஜோர்ஜ் முதல் விக்ரோறியா வரையில், வரி ஒழிந்த 1890ஆம் ஆண்டு வரை, இவ்வழக்கம் நீடித்தது. மன்னர் தலையைத் தாங்கிய ஆங்கில வெள்ளி இந்த 106 ஆண்டுகளுக்குள் அடங்கும் என்பது பொதுவிதி. பிற்காலத்தில் முடிசூட்டு விழா போன்ற சிறப்பு நிகழ்ச்சிகளை ஒட்டி இட்ட அரச தலை முத்திரைகள் இதற்கு விலக்கு.

முத்திரையிடும் உரிமை இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. எடின்பரோவின் கோட்டை, டப்ளினின் முடிசூடிய யாழ், செஸ்ரரின் மூன்று கோதுமைக் கட்டும் வாளும் என நகர்தோறும் ஒரு சின்னம் இருந்தது. பேர்மிங்ஹாம் நகரில் பெருந்தொழிற்சாலை நடத்திய மத்தேயு போல்ற்றன், தன் வெள்ளிப் பொருள்களை 70 மைலுக்கு அப்பாலுள்ள செஸ்ரருக்கு அனுப்பியே முத்திரை பெற வேண்டியிருந்தது. கரடுமுரடான வீதியில் வண்டியிற் சென்று மீளும் பொருள் நசுங்கிக் கீறலுற்று வரும், நாள்களும் வீணாகும். தன் நகருக்கும் ஷெபீல்ட் நகருக்கும் சோதனை நிலையம் வேண்டுமென அவன் பாராளுமன்றத்தை வேண்டினான். இலண்டன் கொல்லர் கடுமையாக எதிர்த்தனர். வழக்கு விசாரணையாக மாறியது. இலண்டன் முத்திரை பெற்ற பொருள்களே தரங்குறைந்து காணப்பட்ட செய்தி அதில் வெளியாயிற்று. முடிவில் 1773ஆம் ஆண்டில் இரு நகரங்களும் உரிமை பெற்றன. கடலே இல்லாத பேர்மிங்ஹாம் நங்கூரத்தையும், ஷெபீல்ட் மகுடத்தையும் சின்னமாகக் கொண்டன. இவ்வேண்டுகோளுக்காக இரு நகரத்தாரும் இலண்டனிற் கூடிய விடுதியின் பெயர் மகுடமும் நங்கூரமும் என்பதென்றும், அதனின்றே சின்னங்கள் பிறந்தனவென்றும் ஒரு கதை வழங்குகின்றது.

செய்தவர் முத்திரையும் பல வரலாறுகளைக் காத்து நிற்கின்றது. 1760ஆம் ஆண்டிற் கணவனை இழந்த ஹெஸ்ரர் பேற்மன் என்னும் பெண், குடும்பத் தொழிலைத் தானே ஏற்று, 1761இல் எச் பி என்னும் எழுத்துகளைச் சாய்ந்த கையெழுத்து வடிவிற் பதிவு செய்தாள். மக்களையும் பணியாளரையும் கொண்டு 1790 வரையில் தொழில் நடத்தினாள். கரண்டி, தேநீர்ப் பாத்திரம், தட்டம் என ஆயிரக்கணக்கான பொருள்கள் அம்முத்திரையோடு உலகெங்கும் பரவின. அவை யாவும் அவள் கையால் அடிக்கப்பட்டன என்று கொள்ளலாகாது. அம்முத்திரை, இப்பொருளுக்கு நான் பொறுப்பு என்று மண்டபத்தின் முன் நின்று சொன்னவரின் பெயர்; சுத்தியல் பிடித்த கை வேறொருவருடையதாகவும் இருக்கலாம். பிற்காலச் சட்டமும் அதனைப் பொறுப்பாளர் முத்திரை என்றே பெயரிட்டது.

இம்முத்திரைகளைச் சேர்த்துப் படித்தல் எவ்வாறு என்பதற்கு ஒரு கரண்டி சான்றாகும். அதன் காம்பின் பின்புறத்தில் நடக்கும் சிங்கம், முடிசூடிய சிறுத்தைத் தலை, எம் என்னும் சிறிய எழுத்து, வலப்புறம் நோக்கும் மன்னன் தலை, எச் பி ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன என்று கொள்க. சிங்கம், வெள்ளி ஸ்ரேர்லிங் தரத்தது என்கின்றது. சிறுத்தைத் தலை இலண்டனைக் காட்டுகின்றது. இலண்டன் சிறுத்தை 1821 வரையில் முடி தாங்கியது. மன்னன் தலை 1784க்குப் பிந்திய காலத்தைக் குறிக்கின்றது. 1776இல் தொடங்கிய எழுத்து வரிசையில் எம் வரும் ஆண்டு 1787. எச் பி பொறுப்பாளரைச் சொல்கின்றது. 1787 மே முதல் 1788 மே வரையிலான காலத்தில் இலண்டனிற் சோதிக்கப்பட்டு, வரி செலுத்தப்பட்ட ஹெஸ்ரர் பேற்மன் கரண்டி என்பது இவ்வாறு ஐயமற விளங்கும். நகத்தளவு இடத்தில் அமைந்த ஐந்து குறிகளும் ஒன்றையொன்று உறுதிசெய்தல் காண்க.

இவ்வெழுத்து வரிசையை உலகம் படிக்கக் கற்றது மிகப் பிற்காலத்திலாகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒக்ரேவியஸ் மோகன் என்பார் ஆண்டெழுத்துகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். 1863இல் வில்லியம் சவ்பேர்சும், 1905இல் சாள்ஸ் ஜாக்சனும் விரிவான நூல்களை இயற்றினர். படிக்கும் வழி தெரிந்ததும் பழம்பொருளின் விலை ஏறிற்று. விலை ஏறியதும் வஞ்சகரும் பெருகினர். முன்னர், குறைந்த வெள்ளியை நல்ல வெள்ளியாகக் காட்டவே பொய்முத்திரை இட்டனர். இப்போதோ, நல்ல வெள்ளியையே பழைய வெள்ளியாகக் காட்டவும் பொய்முத்திரை இட்டனர்.

ஆகவே முத்திரையைப் படித்தல் போலவே முத்திரையைச் சோதித்தலும் ஒரு கலையாயிற்று. உருக்குப் பொறியால் அடித்த மெய்யான முத்திரையின் விளிம்பு கூர்மையாயிருக்கும். நெடுங்காலம் துடைத்துப் புழங்கியமையால் சீராகத் தேய்ந்திருக்கும். அச்சில் வார்த்தெடுத்த போலிப் பொருளிலோ முத்திரை மழுங்கியும் சிறு துளைகள் விழுந்தும் காணப்படும். பாத்திரத்தின் அடியில் மெல்ல ஊதினால் வாயின் ஆவி படியும். பற்றவைத்த கோடு இருப்பின் அது அவ்வாவியில் வேறாகத் தோன்றி, வேறிடத்து முத்திரையைப் பதித்த கள்ளத்தைக் காட்டும். மூடிக்கும் உடலுக்கும் முத்திரைகள் ஒத்திருத்தல் வேண்டும். வடிவமும் எழுத்தும் ஒரே காலத்தைச் சொல்லுதல் வேண்டும். 1939ஆம் ஆண்டில் இலண்டன் பொற்கொல்லர் சங்கம் ஐயத்துக்குரிய பழம்பொருள்களை ஆராயவென ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் எக்ஸ் கதிர்களும் துணைவந்தன. பழைய வெள்ளியில் ஈயமும் தங்கமும் நுண்ணளவில் எஞ்சியிருக்கும். இக்கால முறையிற் சுத்திகரித்த வெள்ளியில் அவை மிகக் குறைவு. முத்திரை பொய் சொன்னாலும் உலோகம் உண்மையைச் சொல்லிவிடும்.

பொய்யென்று கூறமுடியாத ஒரு மயக்கமும் உண்டு. 1840ஆம் ஆண்டில் எல்கிங்ரன் நிறுவனத்தார் மின்சாரத்தால் வெள்ளிப் பூச்சிடும் முறைக்கு உரிமை பெற்றனர். பித்தளை நிறமோ செம்பு நிறமோ காட்டாத நிக்கல் கலப்பு உலோகத்தின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. இத்தகைய பொருள்களிலும் செய்தோர் பல சிறு கட்டங்களில் எழுத்துகளை வரிசையாகப் பொறித்தனர். அறியாதார் அவற்றை மண்டப முத்திரை என்றே மயங்குவர். அவ்வரிசையில் ஈ பி என் எஸ் என்னும் எழுத்துகள் காணப்படின் அது பூச்சு வெள்ளி. நடக்கும் சிங்கம் அங்கே இராது.

செஸ்ரர் நிலையம் 1962லும் கிளாஸ்கோ நிலையம் 1964லும் மூடப்பட்டன. இலண்டன், பேர்மிங்ஹாம், ஷெபீல்ட், எடின்பரோ ஆகிய நான்கும் பிரித்தானியாவில் இப்பணியைத் தொடர்கின்றன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் 1975இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டெழுத்து எல்லா நிலையங்களிலும் ஒருங்கே ஜனவரியில் மாறலாயிற்று. ஷெபீல்ட் தன் மகுடத்தை விடுத்து ரோசா மலரை ஏற்றது. 1999 முதல் ஆண்டெழுத்தும் சிங்கமும் கட்டாயமல்ல. 925 என்னும் எண்ணே தரத்தைக் கூறிவிடும். எனினும் விரும்பிக் கேட்போருக்கு அவை இன்றும் பொறிக்கப்படுகின்றன.

ஏழு நூற்றாண்டு வரலாற்றிற் கொல்லரும் வணிகரும், சில வேளைகளிற் சோதித்தோரும் தவறியதுண்டு. அரசனே நாணயத்திற் செம்பு கலந்ததும் உண்டு. ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் ஒரு முத்திரை கூடிற்று. இதற்குப் பொறுப்பாளர் யார் என்னும் கேள்விக்கு விடை இன்னும் தெளிவாயிற்று. செய்தவர், சோதித்தவர், சோதித்த ஊர், சோதித்த ஆண்டு ஆகிய யாவும் வெளிப்படையாக நிற்றலே அம்முறையின் வலிமை. வெள்ளியின் மதிப்பு சந்தையில் ஏறும், இறங்கும். தன் பெயரைப் பொருளின்மேற் பொறித்துப் பொறுப்பேற்பவனின் சொல்லுக்குத்தான் மக்கள் நெடுங்காலம் மதிப்பளித்து வந்துள்ளனர் என்பதை அச்சிறு முத்திரைகள் காட்டுகின்றன.